நீரே அரங்காக: வியட்நாமிய நீர்ப்பாவைக்கூத்தில் இசையும் காட்சியும்

ஆய்வுச் சுருக்கம்

வட வியட்நாமின் செந்நதி வடிநிலச் சிற்றூர்களில் குளத்து நீரின்மேல் நிகழ்த்தப்படும் நீர்ப்பாவைக்கூத்தின் காட்சியமைப்பையும் இசையமைப்பையும் இக்கட்டுரை விளக்குகிறது. இக்கூத்தில் நீர் பின்புலமாக மட்டும் நிற்கவில்லை. அது திரையாகவும், பாவையைத் தாங்கும் பொறியாகவும், ஒலிக்கருவியாகவும் செயற்படுகிறது. கதைத் தொடர்ச்சியற்ற குறுங்காட்சிகளின் கோவையாக இக்கூத்து அமைந்திருப்பதற்கான காரணத்தையும் இலக்கியப் பனுவலைவிட நீரிடமே தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: நீர்ப்பாவைக்கூத்து, வியட்நாம், நிகழ்த்துகலை, அரங்கவெளி, தாளம், பாவைப் பொறி

முன்னுரை

நாட்டார் நிகழ்த்துகலைகளை ஆராயப் புகும் தமிழாய்வாளர் பெரும்பாலும் முதலில் நாடுவது பாடலையும் கதையையும்தான். பனுவல் கிடைத்துவிட்டால் ஆய்வுக்கு அடித்தளம் கிடைத்துவிட்டது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. தோற்பாவைக்கூத்துப் பற்றிய என் ஆய்வியல் நிறைஞர் ஏட்டிலும் பாடல்களையும் உரையாடல்களையும் தொகுத்தேனேயன்றி, விளக்குக்கும் திரைக்கும் இடைப்பட்ட தொலைவை ஒருமுறையேனும் அளக்கவில்லை. பாவையின் நிழல் எப்போது பெருக்கிறது, எப்போது சிறுக்கிறது என்பது அத்தொலைவைச் சார்ந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தேன். வியட்நாமியர் ‘முவா ரோய் நுவோக்’ என வழங்கும் நீர்ப்பாவைக்கூத்தை இங்கு எடுத்துக்கொண்டமைக்கு அக்குறையே காரணம். பனுவலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இக்கூத்தை அணுகுவோர்க்குச் சில நகைச்சுவைப் பேச்சுகளும் நாட்டுப்புறப் பாடல்களுமே கிடைக்கும். கூத்து கிடைக்காது.

‘முவா’ என்பது ஆடலையும், ‘ரோய்’ என்பது பாவையையும், ‘நுவோக்’ என்பது நீரையும் குறிக்கும். வியட்நாமிய மொழியில் ‘நுவோக்’ என்னும் அதே சொல்லே நாட்டையும் குறிக்கும் என்பது இவ்விடத்து அறியத்தக்கது. வெள்ளமும் நெல்வயலும் குளமும் சூழ்ந்த வடிநிலத்தில் அவ்விரு பொருளும் ஒரே சொல்லில் அமைந்தது வியப்பன்று.

கல்வெட்டுச் சான்றும் அதன் எல்லையும்

இக்கூத்தின் தொன்மைக்குச் சான்றாக எல்லா நூல்களிலும் எடுத்துக்காட்டப்படுவது ஹா நாம் பகுதியிலுள்ள தோய் மலைக் கோயிலில் 1121-இல் நிறுவப்பட்ட கல்வெட்டாகும். லீ மரபின் மன்னன் லீ ஞான் தோங் காலத்தில் சீனச் செம்மொழியில் பொறிக்கப்பட்ட அது, அரசன் முன்னிலையில் ஆற்றில் நிகழ்ந்த ஒரு காட்சியை விரித்துரைக்கிறது. பொன்னிற ஆமை ஒன்று முதுகில் மலைகளைச் சுமந்து நீரில் மிதந்து வருகிறது. அது கால்களை அசைக்கிறது, கண்களைக் கரைநோக்கித் திருப்புகிறது, வாயிலிருந்து நீரைப் பீய்ச்சுகிறது. மலைக்குகை திறந்து தேவமகளிர் ஆடுகின்றனர்.

இச்சான்றை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லலாம் என்பது ஆராயத்தக்கது. கல்வெட்டு கூறுவது அரசவைக்காக ஆற்றில் அமைக்கப்பட்ட பெரும்பொறிக் காட்சி. இன்று நாம் காண்பது சிற்றூர்க் குளத்தில் உழவர் குழுக்கள் நிகழ்த்தும் கூத்து. முன்னதிலிருந்து பின்னது நேராக வளர்ந்தது எனக் கூறுவது ஊகமே. ஆயினும், நீருக்கடியில் பொறியை மறைத்து நீருக்குமேல் உயிர்ப்பைக் காட்டும் நுட்பம் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்நிலத்தில் அறியப்பட்டிருந்தது என்பதற்கு இக்கல்வெட்டு ஐயமற்ற சான்றாகிறது. இக்கட்டுரைக்கு அவ்வளவே போதுமானது.

குளமும் மண்டபமும்

ஹனோய் நகருக்கு மேற்கே உள்ள தாய் கோயிலின் குளத்து நடுவில் ஓடு வேய்ந்த கூரையும் வளைந்த கூரைமுனைகளும் கொண்ட ஒரு சிறு மண்டபம் உள்ளது. ‘துய் தின்’, அதாவது நீர்மண்டபம் என்பது அதன் பெயர். இதுபோன்றதொரு மண்டபம் ஃபூ தோங் ஊரின் கியோங் கோயில் முன்பும் உண்டு. இவை பிற்கால லே அரசமரபின் காலத்தவை எனக் கருதப்படுகின்றன. நிலையான மண்டபம் இல்லாத ஊர்களில் மூங்கிலால் தற்காலிகக் கூடம் எழுப்புவதே வழக்கம்.

மண்டபத்தின் முகப்பில் மூங்கில் தட்டி தொங்கும். அதன் பின்னே இடுப்பளவோ அதற்கு மேலோ உள்ள நீரில் பாவையாட்டுநர் நிற்பர். தட்டிக்கு முன்னுள்ள வெறும் நீர்ப்பரப்பே ஆடுகளம். அதற்கு அப்பால் கரையில் மக்கள் அமர்வர். தட்டியின் உட்புறம் இருண்டும் வெளிப்புறம் ஒளியுடனும் இருப்பதால், உள்ளிருப்போர் இடுக்குகள் வழியே வெளியே காண இயலும். வெளியிலிருப்போர்க்கு உள்ளே இருப்பது தெரியாது.

குளிர்காலத்தின் இறுதியிலும் வேனில் விழாக்களிலும் மணிக்கணக்கில் நீரில் நிற்பது எளிதன்று. உடற்சூட்டைக் காக்க மீன்சாற்றைக் குடித்துவிட்டு நீரில் இறங்குவது பழைய வழக்கம். மூட்டுவலி இக்கலைஞரின் தொழில்நோயாகவே இருந்தது. நீர்புகா உடை வந்தது அண்மைக்காலத்தில்தான்.

நீருக்கடியில் உள்ள கருவி

பாவைகள் அத்தி இனத்து மரத்தால் செய்யப்படுகின்றன. வியட்நாமியர் ‘சுங்’ எனக் குறிப்பிடும் அம்மரம் நம் ஊர் அத்தியேயாகும். எடை குறைந்ததும் எளிதில் செதுக்கத்தக்கதும் நீரைத் தாங்குவதுமாகிய மரம் அது. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் குளத்து நீருக்கடியில் வைக்கப்பட்டு, நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிக்கொணரப்படும் அத்திவரதர் திருமேனியும் இம்மரத்தால் ஆனது என்பதைத் தமிழ்ப் படிப்பாளர் இங்கு நினைவுகூர்வர். இரண்டிற்கும் தொடர்பு கற்பிக்க வேண்டியதில்லை. நீரோடு இம்மரத்திற்குள்ள பொருத்தத்தை இரு நிலத்தாரும் தத்தம் பட்டறிவால் கண்டிருந்தனர் என்பதே குறிப்பிடத்தக்கது. செதுக்கிய பாவைக்கு அரக்குப் பூச்சு பல முறை பூசப்படும். அது நீர் புகாமல் காப்பதோடு வண்ணத்திற்கு மெருகையும் தருகிறது.

ஒவ்வொரு பாவைக்கும் இரு பகுதிகள் உண்டு. நீருக்குமேல் தெரிவது உடல். நீருக்குள் மறைந்திருப்பது அடித்தளம். மிதவையும், சுக்கான் போன்ற பலகையும், கயிறுகளின் முடிச்சுகளும் அவ்வடித்தளத்திலேயே உள்ளன. இயக்கும் முறை இருவகைப்படும். ஒன்று கழிமுறை. மூன்று, நான்கு மீட்டர் நீளமுள்ள மூங்கிற்கழியின் முனையில் பாவை பொருத்தப்பட்டிருக்கும். கழியைத் தள்ளினால் பாவை முன்னேறும், திருப்பினால் திரும்பும். கழியை ஒட்டிச் செல்லும் கயிறுகளை இழுத்தால் கையும் தலையும் அசையும். மற்றொன்று கயிற்றுமுறை. குளத்தின் அடியில் முளைகளை நட்டு, அவற்றைச் சுற்றி நீருக்குள்ளேயே கயிற்றை ஓடவிடுவர். அக்கயிற்றில் பிணைத்த பாவைகள் வரிசையாக ஊர்வலம் வரும். தேவமகளிர் அணிவகுப்பு இவ்வகையினது.

திருக்குறளின் நாணுடைமை அதிகாரத்து இறுதிக் குறள், கயிற்றால் உயிர்ப்புப் பெறும் மரப்பாவையை உவமையாக்குகிறது. அவ்வுவமையின் சுவை கயிறு என்னும் பொருளும் நாணம் என்னும் பொருளும் ‘நாண்’ என்னும் ஒரே சொல்லில் அமைவதில் உள்ளது. கயிற்றுப்பாவையில் இயக்கும் விசை மேலிருந்து வருகிறது. கூர்ந்து நோக்குவோர்க்குக் கயிறும் புலப்படும். நீர்ப்பாவையில் விசை பக்கவாட்டில், கண்ணுக்கு எட்டாத கலங்கல் நீருக்குள் வருகிறது. கயிற்றுப்பாவையின் முழு எடையையும் ஆட்டுபவரின் கை தாங்க வேண்டும். நீர்ப்பாவையின் எடையில் பெரும்பகுதியை நீரே தாங்குகிறது. ஆட்டுபவரின் கைக்கு எஞ்சுவது நீரின் எதிர்ப்பை வெல்லும் வேலை. பெரிய பாவைகளை ஒருவரே நெடுந்தொலைவில் செலுத்த முடிவதும், அதே வேளையில் சட்டென நிறுத்த முடியாமற் போவதும் இதனாலேயே.

காட்சி

நீர் தெளிந்திருந்தால் இக்கூத்து இல்லை. கழியும் கயிறும் மறைய வேண்டுமாயின் நீர் கலங்கியிருக்க வேண்டும். செந்நதி வடிநிலத்துக் குளங்கள் இயல்பாகவே அத்தன்மையன. பச்சையும் பழுப்புமான அப்பரப்பின்மேல் சிவப்பும் பொன்னிறமும் கருமையும் கொண்ட பாவைகள் எழுகின்றன. அவ்வண்ணத் தேர்வு அழகு கருதியது மட்டுமன்று. கரையிலிருந்து பல மீட்டர் தொலைவில் ஆடும், ஓர் அடி முதல் மூன்றடி வரையே உயரமுள்ள பாவையைப் பிரித்துக்காட்ட அவ்வளவு அழுத்தமான நிறம் தேவைப்படுகிறது.

நீர் திரையாவது எவ்வாறு என்பதற்குத் தொடக்கக் காட்சியே போதும். வெறும் நீர்ப்பரப்பிலிருந்து கொடிகள் திடீரென மேலெழுகின்றன. அவை நனைந்திருப்பதில்லை, காற்றில் படபடக்கின்றன. மூங்கிற்குழாய்க்குள் சுருட்டி நீருக்கடியில் வைத்து உரிய நேரத்தில் வெளியேற்றும் நுட்பம் அது. பிற அரங்குகளில் பாத்திரம் பக்கத்திலிருந்து நுழையும். இங்கோ அது கீழிருந்தும் நுழையலாம். நிலத்தரங்கில் இதற்கு இணையானதொரு நுழைவு எளிதில் அமையாது.

நீர் கண்ணாடியுமாகிறது. அசையாத பாவை இரட்டித்துத் தெரியும். அசைந்தவுடன் அந்நிழலுரு உடைந்து நெளியும். கடல்நாகம் மூழ்கி மறைந்த பிறகும் அது எழுப்பிய அலைகள் சிறிது நேரம் நிற்கின்றன. அடுத்த காட்சிக்குரிய வாத்துகள் அவ்வலைகளின்மீதே வருகின்றன. ஒரு காட்சியின் எச்சம் அடுத்த காட்சியின் தரையாவதை இதுபோல் வேறெந்த அரங்கிலும் நான் கண்டதில்லை. நாகம் வாயிலிருந்து நீரையும் தீப்பொறியையும் உமிழ்வதும், அத்தீயின் ஒளி அலையில் சிதறுவதும் இக்கூத்தின் உச்சக் காட்சிகளுள் அடங்கும்.

இசை

இன்று நகர அரங்குகளில் காண்போர் இக்கூத்தின் இசையை ஒரு முழு இசைக்குழுவின் இசையாக அறிவர். ஒற்றை நரம்புக் கருவியாகிய தான் பாவ், இருநரம்பு வில்யாழாகிய தான் ஞீ, மூங்கிற்குழல், முரசு, தாளம், மரத்தட்டு ஆகியவற்றோடு, வடபுல நாட்டார் இசைநாடகமாகிய ‘செயோ’வின் மெட்டுகளைப் பாடும் பாடகரும் அதில் இடம்பெறுவர். ஆனால் சிற்றூர்க் குழுக்களில் தோற்கருவியும் கஞ்சக்கருவியும் வெடியொலியுமே முதன்மை பெற்றிருந்தன. நரம்பிசையும் குழலிசையும் பின்னர் வளம் பெற்றவை. இவ்வேறுபாட்டைக் கருதாமல் நகர அரங்கின் இசையையே மூல வடிவாகக் கொள்வது பிழையாகும்.

முரசு ஏன் முதன்மை பெற்றது? திறந்தவெளியில் திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலைக் கடந்து கேட்க வேண்டும் என்பது ஒரு விடை. அதனினும் ஆழமான காரணம் ஒன்று உண்டெனக் கருதுகிறேன். தட்டியின் பின்னால் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே கண்ணை வைத்து நிற்கும் ஆட்டுநர், தம் பாவையின் முதுகையே காண்கிறார். முகம் கரைநோக்கியிருக்கும். எதிரில் வரும் மற்றொரு பாவைக்கும் தம் பாவைக்கும் உள்ள இடைவெளியை அக்கோணத்திலிருந்து மதிப்பிடுவது அரிது. பக்கத்தில் அமர்ந்த முரசு இசைப்பவரோ பாவைகளை முழுமையாகக் காண்கிறார். ஆகவே அவருடைய அடி, ஆட்டுநர்க்குக் கண்ணாகவும் அமைகிறது. விரைவு கூடும்போது பாவை விரைகிறது. அடி நிற்கும்போது மூழ்குகிறது. இசை இங்கே காட்சிக்கு அணியாக வருவதன்று, காட்சியை நடத்துவது. நட்டுவனார் தட்டும் தாளத்தை இதனோடு ஒப்பிட நம் மனம் விழையும். ஆனால் நட்டுவனாரின் தாளத்தைக் கேட்கும் ஆடுநர் தம் உடலை ஆட்டுகிறார். இங்கே கேட்பவர் ஒரு கழியைத் தள்ளுகிறார். அவர் தள்ளுவதற்கும் கழியின் மறுமுனையில் பாவை அசைவதற்கும் இடையே நீரின் தாமதம் உண்டு. அத்தாமதத்தைக் கணித்து முன்கூட்டியே தள்ளும் பயிற்சியே இக்கலையில் கைவர அரிதானது.

நீரும் ஒலிக்கிறது. மீன் வாலால் அறையும் ஓசையும், நரி வாத்தைப் பற்ற நீரில் பாயும் ஓசையும், படகுப்போட்டியின் துடுப்போசையும் முரசின் இடைவெளிகளில் விழுந்து தாளத்தின் பகுதியாகின்றன. புல்லும் மண்ணும் ஒலியை உறிஞ்சும். நீர்ப்பரப்போ அதைப் பெரும்பாலும் திருப்பியனுப்பும். மாலையில் நீரையொட்டிய காற்று குளிர்ந்து மேற்காற்று வெம்மையாக இருந்தால், மேலெழும் ஒலி வளைந்து மீண்டும் தாழ்ந்து வரும். குளத்தின் ஒரு கரையில் பேசுவது மறுகரையில் தெளிவாகக் கேட்பதை ஊர்ப்புறத்தார் அனைவரும் அறிவர். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஓர் ஊர் முழுவதும் கேட்க வேண்டிய பாடலுக்குக் குளக்கரை நல்ல தேர்வாகவே இருந்திருக்கும்.

செயோ இசையில் பயன்படும் ‘திரோங் கோம்’ என்னும் இருமுக முழவின் முகங்களில் சோற்றுப் பசையை அப்பிச் சுருதி சேர்ப்பர். ‘சோற்று முழவு’ என்பதே அதன் பெயர்ப்பொருள். மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டும் நம் வழக்கம் உடனே நினைவுக்கு வரும். 1060-இல் லீ தான் தோங் மன்னன் சம்பா நாட்டு இசையையும் முரசடிகளையும் பெயர்த்தமைத்துத் தன் இசைவாணரைப் பாடச் செய்தான் என வியட்நாமிய அரச வரலாற்றேடு கூறுகிறது. இந்தியப் பண்பாட்டுத் தொடர்புடைய சம்பாவின் வழியே இம்முழவு வடக்கே சென்றிருக்கலாம் என்னும் கருத்துக்கு இக்குறிப்பு இடந்தருகிறது. ஆனால் அதனை நீர்ப்பாவைக்கூத்தின் தோற்றத்தோடு இணைத்துப் பேசுவதற்குச் சான்றில்லை.

காட்சிக்கோவையின் அமைப்பு

‘சூ தெயு’ என்னும் பாவையே முதலில் பேசும். பருத்த உடல், திறந்த மார்பு, சிரித்த முகம், குடுமி ஆகியவை அதன் அடையாளங்கள். ஊரைப் புகழும், ஊர்ப் பெரியோரைக் கிண்டல் செய்யும், கூத்தை அறிமுகப்படுத்தும். நம் தோற்பாவைக்கூத்தின் உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் அறிந்தோர்க்கு இப்பாத்திரத்தை விளக்க வேண்டியதில்லை. தெயுவுக்குப் பின் நாக நடனம், எருமைமேல் குழலூதும் சிறுவன், ஏர் உழுதல், நாற்று நடுதல், தவளை பிடித்தல், வாத்தைக் கவ்விக்கொண்டு மரமேறும் நரி, தேர்வில் வென்றவர் ஊர் திரும்புதல், பீனிக்ஸ் பறவைகளின் ஆடல், ஆமையிடம் வாளைத் திருப்பித் தரும் லே லோய் மன்னன் எனக் காட்சிகள் தொடர்கின்றன. ஒவ்வொன்றும் சில நிமிடங்களே நீடிக்கும். ஒன்றற்கும் மற்றொன்றற்கும் கதைத் தொடர்பில்லை.

இத்தொடர்பின்மையை வளர்ச்சிக்குறையாகக் கருதும் போக்கு உண்டு. இராமாயணத்தைப் பல இரவுகள் தொடர்ந்து நிகழ்த்தும் பாவைக்கூத்து மரபில் வந்தோர்க்கு அவ்வெண்ணம் எழுவது இயல்பே. எனினும் பொறியின் தன்மையைக் கருதினால் காரணம் புலப்படும். நீர்ப்பாவையின் பொறி ஒரு செயலுக்காகவே ஆக்கப்படுவது. ஏர் உழும் பாவை உழும், நரி மரமேறும். உழும் பாவை அடுத்த காட்சியில் அரசனிடம் முறையிட்டு அழ இயலாது. அதன் கயிறுகள் அதற்காகக் கட்டப்படவில்லை. தோற்பாவையைப் பேச்சின் வேறுபாட்டால் பல உணர்ச்சிகளுக்கும் பயன்படுத்தலாம். நீர்ப்பாவைக்கு அந்நெகிழ்ச்சி இல்லை. அதற்கு ஈடாக, தான் செய்யும் ஒரு செயலை அது வியக்கத்தக்க மெய்ம்மையோடு செய்கிறது. எனவே காட்சிக்கோவை என்னும் வடிவம் நீரும் மரமும் விதித்த இலக்கணம் எனக் கொள்வதே பொருந்தும். லே லோய் காட்சி மட்டும் கதையாகத் தோன்றும். அதிலும் நிகழ்வது படகு வருதல், ஆமை எழுதல், வாள் கைமாறுதல் என்னும் மூன்று அசைவுகளே. மிங் படையை எதிர்த்த பதினைந்தாம் நூற்றாண்டுப் போராட்டம் முழுவதையும் பார்வையாளர் தம் நினைவிலிருந்து நிரப்பிக்கொள்கின்றனர்.

குளத்திலிருந்து தொட்டிக்கு

1956-இல் நாட்டளவிலான பாவைக் குழு அமைக்கப்பட்டதும், 1969-இல் ஹனோயில் இன்றைய தாங் லாங் அரங்கின் முன்னோடிக் குழு தொடங்கப்பட்டதும், 1984-இல் நீர்ப்பாவையாட்டுநர் பிரான்சுக்குச் சுற்றுப்பயணம் மேற்கொண்டதும் இக்கலையின் அண்மை வரலாற்றின் திருப்பங்களாகும். அயல்நாடு செல்லக் குளத்தைத் தூக்கிச்செல்ல இயலாது. தொட்டி தேவைப்பட்டது. இன்று ஹோவான் கியெம் ஏரிக்கரையிலுள்ள தாங் லாங் அரங்கில், ஏரி வெளியே கிடக்க, உள்ளே கட்டிய நீர்த்தொட்டியில் நாள்தோறும் பல காட்சிகள் நிகழ்கின்றன. லே லோய் வாளைத் திருப்பித் தந்ததாகச் சொல்லப்படும் ஏரி அதுவே.

இம்மாற்றத்தால் கூத்து அழியவில்லை. பிழைத்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால் இசைக்கும் காட்சிக்கும் இருந்த உறவு மாறியது. மின்விளக்கு வண்ணத்தின் வேலையைப் பகிர்ந்துகொண்டது. ஒலிபெருக்கி வந்தபின் முரசின் முதன்மை குறைந்து, நரம்பிசையும் பாடலும் மேலோங்கின. நீரின் சிற்றோசைகள் அவற்றுள் அமிழ்ந்தன. 1995 தொடக்கத்தில் நாடு முழுவதும் பட்டாசு தடைசெய்யப்பட்டதால், தாளத்தின் உறுப்பாயிருந்த வெடியொலியும் நீர்மேல் தங்கும் புகையும் பழைய நிலையில் நிற்கவில்லை. பெரும்பான்மைப் பார்வையாளர் மொழியறியாச் சுற்றுலாப் பயணியர் ஆனதால், உள்ளூர்ச் செய்தியை வைத்துத் தெயு செய்யும் கிண்டலும் சுருங்கியது.

அரங்கினுள் நீரைக் கொணர்வதாலேயே உறவு சிதையும் எனவும் பொதுவிதி கூற இயலாது. 2009-இல் டொரான்டோவில் ராபர்ட் லெபாஜ் இயக்கிய ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘நைட்டிங்கேல்’ இசைநாடகத்தில், இசைக்குழு அமரும் பள்ளத்தை நீரால் நிரப்பி, இசைக்குழுவை மேடைமேல் ஏற்றினர். பாடகர் நீரில் நின்று தம் பாவையைத் தாமே இயக்கியவாறு பாடினர். அங்கே தட்டி இல்லை, மறைவும் இல்லை. வியட்நாமிய மரபு மறைத்ததை அது காட்டிற்று. எனினும் நீரின் தாமதத்தைத் தாளத்தோடு இசைவிக்கும் சிக்கலை அவர்களும் எதிர்கொண்டேயாக வேண்டியிருந்திருக்கும்.

சிற்றூர்களில் இக்கலை ‘ஃபூங்’ எனப்படும் குழுக்களின் உடைமையாக இருந்தது. தாவ் துக், தோங் ஙூ, ஙுயேன் சா முதலிய ஊர்க்குழுக்கள் புகழ்பெற்றவை. ஒவ்வொரு குழுவும் தன் பொறிநுட்பத்தை மறைபொருளாகக் காத்தது. உறுப்பினர் உறுதிமொழி ஏற்றனர். மணமாகி வேற்றூர் செல்வர் என்பதால் மகளிர்க்குக் கற்பிக்கவில்லை. பாடல்கள் எல்லார் காதிலும் விழுந்தமையால் எஞ்சின. நீருக்கடியில் இருந்தவையோ, அறிந்தவர் மறைந்தபோது அவரோடு மறைந்தன. இன்று தொழில்முறை அரங்குகளில் பெண்களும் நீரில் இறங்கிப் பாவையாட்டுகின்றனர். தாவ் துக் முதலிய ஊர்களில் குளக்கரைக் கூத்து வருகையாளர்க்காகவும் விழாக்களுக்காகவும் தொடர்ந்து நடக்கிறது. அங்கே தட்டிக்குப் பின்னால் நின்று முடிச்சுகளை வரைந்து பதிவு செய்யும் வேலை, பாடலைத் தொகுக்கும் வேலையைவிட அவசரமானது.